1975: ஒரு தடையும் இரண்டு பாட்டுகளும்

தடை செய்யப்பட்ட கலை சாவதில்லை என்பது நம்மிடையே ஏறக்குறைய ஒரு மதநம்பிக்கை. கொரியப் பாட்டின் 1975ஆம் வருஷம் இதைப் பாதிக்கு மேல் அனுமதிப்பதில்லை.

அவ்வருஷம் மே 13 அன்று தென் கொரிய ஜனாதிபதி பார்க் சுங்-ஹீ ஒன்பதாவது அவசர ஆணையைப் பிறப்பித்தார். அரசியல் சட்டத்தை விமர்சிப்பதே குற்றமாயிற்று. தொடர்ந்து பாட்டுகள் சலிக்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட கொரியப் பாட்டுகளுக்குத் தடை. ஆபாசம், விரக்தி, ஜப்பானியச் சாயல் என்று காரணங்கள். டிசம்பரில் கஞ்சா வழக்கில் கலைஞர்கள் கைதானார்கள்.

தடையான இரண்டு பாட்டுகளைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்று, கிம் மின்-கி இயற்றி 1971இல் இசைத்தட்டில் வந்த 'காலைப் பனித்துளி'. அதில் அரசாங்கமும் இல்லை, கோஷமும் இல்லை. மற்றது, 1974இல் வந்த ஷின் ஜுங்-ஹியோனின் 'அழகி'. அமெரிக்க ராணுவ முகாம் மேடைகளில் கிதார் வாசித்துத் தேறிய ஷின், ராக்கின் மின்சார ஓசைக்குள் கொரிய ராகத்தைக் குடியேற்றினார். கொரியர் தம்மையே இளக்காரமாகச் சொல்லிக்கொள்ளும் 'பித்தளைக் காசு' என்ற சொல்தான் அவர் குழுவின் பெயர். 1972இல் ஜனாதிபதியைப் புகழ்ந்து பாட்டமைக்க மறுத்தவர். கஞ்சா வழக்கில் சிறை சென்றவர்.

'பனித்துளி'க்குத் தொண்டை ஒன்று போதும். மாணவர்கள் அதை வாய்வழியே காப்பாற்றினார்கள். 1987 ஜூனில் ஜனநாயகம் கேட்டு வீதிக்கு வந்த கூட்டம் அதைப் பாடியது. அவ்வருஷமே தடையும் நீங்கிற்று. தணிக்கை அதற்கு ஓர் அர்த்தத்தையும் இனாமாகச் சேர்த்திருந்தது.

ஷின்னின் சங்கீதம் அப்படியல்ல. அதற்கு மேடை வேண்டும், ஆம்ப்ளிஃபயர் வேண்டும், கூட வாசிக்கும் நாலு பேர் வேண்டும். 1979 அக்டோபரில் பார்க் கொலையுண்ட பின்னரே அவருக்கு வழி திறந்தது. 1980இல் புதுக் குழுவோடு வந்தபோது ஜனங்களின் காது டிஸ்கோவுக்குப் போய்விட்டிருந்தது. ராக் அற்றுப்போயிற்று என்பதற்கில்லை. 1977இல் சனுல்லிம் என்ற சகோதரர் குழு தோன்றியது. ஆனால் அவர்கள் எதிர்கொண்டு மீற வேண்டிய மூத்தவர் அப்போது மேடையில் இல்லை. 'அழகி' பின்னர் மீண்டது. அந்த நாலு வருஷங்களில் அவர் செய்திருக்கக்கூடிய பாட்டுகள் மீளவில்லை.

சொல்லைத் தடுத்தால் ஞாபகம் அதை மீட்கும். தொழிலைத் தடுத்தால் ஞாபகத்துக்கு வேலையே இல்லை. 'பனித்துளி'யை மட்டும் உதாரணம் காட்டிக் கலை வென்றது என்று நாம் எழுதுவது தணிக்கை அதிகாரிக்குச் செய்யும் உபகாரம். அவர் கணக்கில் அழிந்தது எதுவுமே இல்லை என்றாகிவிடுகிறது.