மழைமானி எங்கே நின்றது?

காடு மழையைத் தரும், ஆகவே ஆற்றையும் பெருக்கும் என்பது எம்மிடையே கேள்விக்குட்படாத நம்பிக்கை. ஊரில் புவியியல் விரிவுரையாளராயிருந்த காலத்தில் நானும் அதையே போதித்தேன். மழைமானி காட்டிய எண்ணையும் சந்தேகித்ததில்லை. இரண்டுமே விசாரணைக்குரியவை என்பதை வேல்ஸ் நாட்டின் பிளின்லிமன் மலையில் நடந்த ஆய்வின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

மானி மீதான சந்தேகம் பழையது. 1766-67இல் வில்லியம் ஹெபர்டன் லண்டனில் மூன்று மானிகளை வைத்தார். ஓராண்டில் தரைக்கருகே இருந்தது 22.6 அங்குலமும், வீட்டுக்கூரை மேலிருந்தது 18.1 அங்குலமும், வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்தின் உச்சியிலிருந்தது 12.1 அங்குலமும் காட்டின. ஒரே மழைக்கு மூன்று கணக்குகள்! காற்றே காரணம் என 1861இல் ஸ்ரான்லி ஜெவன்ஸ் விளக்கினார். காற்றின் பாதையில் மானி தடையாக நிற்கிறது. அதன் வாய்க்கு மேலே வேகமெடுக்கும் காற்று துளிகளை அப்பால் அடித்துச் செல்கிறது. அளக்கும் கருவியே அளவைக் கெடுக்கிறது.

ஊசியிலைக் காடு புல்வெளியைவிட அதிக நீரை இழக்கிறது என 1956இல் பிராங்க் லோ என்ற நீர்வழங்கல் பொறியியலாளர் எழுதியபோது சர்ச்சை மூண்டது. அதைத் தீர்க்கவே 1960களின் பிற்பகுதியில் பிளின்லிமனில் அருகருகே இரு நீரேந்து பகுதிகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. வை ஆற்றின் தலைப்பகுதி (10.55 சதுர கிலோமீற்றர்) மேய்ச்சல் புல்வெளி, செவேர்ண் ஆற்றின் தலைப்பகுதி (8.70) மூன்றில் இரண்டு பங்கு காடு. நீண்டகாலக் கணக்கில், பெய்த மழையிலிருந்து ஆற்றில் ஓடியதைக் கழித்தால் மிஞ்சுவது ஆவியாகிய நீர்.

சிக்கல் இங்கேதான். அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 2500 மில்லிமீற்றர். அதில் 5 வீதம் பிழைத்தாலே 125 மில்லிமீற்றர். தேடும் வேறுபாட்டையே அது குழப்பிவிடும். எனவே புல்வெளியில் மானிகளின் வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி குழிகளில் புதைத்தனர். காட்டிலோ கம்பங்களில் ஏற்றி மரமுடியின் மட்டத்தில் நிறுத்தினர். மரம் வளர மானியும் உயரவேண்டியிருந்தது.

காடு கூடுதலாக நீரை இழந்தது உறுதியாயிற்று. இலைகளில் தங்கிய மழை, நிலத்தை அடையுமுன்பே காற்றோடு ஆவியாகிவிடுகிறது. இதைக் காடழிப்புக்கான நியாயமாகக் கொள்ளலாகாது. ஈரமும் காற்றும் மிக்க ஒரு மலையின் முடிவை வரண்ட நிலத்துக்கோ அமேசனுக்கோ அப்படியே பெயர்க்கமுடியாது.

காலநிலை மாற்றம் பற்றிய விவாதங்களுக்கும் இது பொருந்தும். மானியை இடம்மாற்றினாலும், அருகே மரம் வளர்ந்தாலும், மாறாத மழைகூட மாறியதாய்த் தோன்றும். எவ்வளவு பெய்தது என்று கேட்பதோடு, மானி எங்கே நின்றது என்றும் கேட்கவேண்டும். என் மாணவருக்கு நான் சொல்லத் தவறியது இதைத்தான்.