அழித்துப் பதிந்த நாடாக்கள்

வீ.எச்.எஸ். கெசட்டின் முதுகுப்புறத்தில் சிறியதொரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கெசட்டில் மீண்டும் பதிய முடியாது. எங்கள் ஊர்க் கவியரங்கைப் பதிந்த கெசட்டில் மூத்தப்பா அதை உடைத்தே வைத்திருந்தார். 1996 மார்ச் 17, உலகக் கிண்ண இறுதிப் போட்டி. வீட்டில் வேறு கெசட் இல்லை. துவாரத்தின் மேல் செலோடேப்பை ஒட்டி, அரவிந்தவின் ஆட்டத்தைப் பதிந்தவன் நான்தான். மூத்தப்பா கவிதை படிக்கும் காட்சி வேறெங்கும் இல்லை.

இந்தக் குற்றவுணர்வோடுதான் நாசாவின் கதையை வாசித்தேன். 1969 ஜூலை 20இல் சந்திரனிலிருந்து வந்த படம் செக்கனுக்குப் 10 சட்டகங்கள் மட்டுமே கொண்டது. சாதாரண தொலைக்காட்சிக்கு ஒவ்வாதது. ஆகவே தரை நிலையங்களில் அதைத் திரையொன்றில் காட்டி, அத்திரையை இன்னொரு கமெராவால் பிடித்து ஒளிபரப்பினார்கள். உலகம் கண்டது மங்கிய பிரதியைத்தான். தெளிவான மூலச் சமிக்ஞை ஓரங்குல அகலமான நாடாக்களில் தனியே பதிவானது. பிற்காலத்தில் தேடியபோது அவை கிடைக்கவில்லை. நாடாத் தட்டுப்பாட்டினால் ஏறத்தாழ 200,000 நாடாக்களைக் காந்தத்தால் அழித்து மீளப் பயன்படுத்தியிருந்தார்கள். அவற்றோடு இவையும் போயிருக்க வேண்டும் என்று 2009இல் நாசாவே ஒப்புக்கொண்டது. தீயுமல்ல, வெள்ளமுமல்ல. வெறும் சிக்கனம்!

இதைவிட என்னைத் தொட்டது இன்னொரு செய்தி. 1976இல் நாசாவில் பயிற்சி பெற்றுவந்த மாணவர் ஒருவர், அரசாங்க ஏலமொன்றில் 1,150 பழைய நாடாச் சுருள்களை 217 டொலர் 77 சதத்துக்கு வாங்கினார். அழித்துப் பதியும் தேவைக்காகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அவற்றை விற்கத் தொடங்கினார். சில சுருள்களில் அப்பலோ 11 என்று எழுதியிருந்ததைக் கண்டவர் அவருடைய தந்தை. ஒளிபரப்பான காட்சியின் நல்ல பிரதிகளான அந்த மூன்று சுருள்களும் 2019 ஜூலையில் 18 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயின. ஒரு தகப்பன் சுட்டுத்துண்டை வாசித்ததால் தப்பியவை அவை.

எங்கள் கெசட்டிலும் சுட்டுத்துண்டு இருந்தது. மூத்தப்பாவின் கையெழுத்து. நான் வாசித்துவிட்டுத்தான் பதிந்தேன்.

அதை இப்போது அலுமாரியில், கடல்காற்றின் ஈரம் படாமல், புத்தகம்போல நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்த பிறகு கவியரங்கின் நன்றியுரை மட்டும் மிஞ்சியிருக்கிறது. மேசையோரம், ஏட்டை மூடிக்கொண்டிருக்கும் ஒரு கை தெரியும்.