ஹேடோ இல்லமும் மூஸ் பள்ளியும்

அந்தமான் தமிழர்களுக்கு ஹேடோ என்றால் கப்பல் துறைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே ஹேடோவில் 'அந்தமான் இல்லம்' ஒன்றை ஆங்கிலேய அரசு நடத்தியது. அதன் தொடக்கம் 1863-இல், ராஸ் தீவில். பாதிரியார் ஹென்றி கார்பின் அந்தமானியரைக் கொண்டுவந்து தங்கவைத்து, ஆங்கிலம் கற்பித்து, வேலை பழக்கினார். அவர்களில் சிலர் கடலில் நீந்தித் தப்பிக்கப் பார்த்தார்கள். அதைப் பள்ளிக்கூடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய இல்லங்களில் பிறந்த 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை. 1890-களில் அந்தமானியருக்கான பொறுப்பதிகாரி போர்ட்மேன் அந்த மக்களைக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்திப் படம் எடுத்தார். ஒவ்வொரு கட்டமும் இரண்டு அங்குலம். உடலின் அளவு அதில் தெரியும். படிக்க வந்தவர்களாக அல்ல, அளக்கப்பட வேண்டிய உடல்களாகவே அரசு அவர்களைப் பார்த்தது.

அதே காலத்தில், அதே நிர்வாகத்தின் கீழ், கார் நிக்கோபாரில் வேறொன்று நடந்தது. வேதப்பன் சாலமன் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் 1890-களில் மூஸ் கிராமத்தில் அரசின் முகவராகவும் உபதேசியாராகவும் குடியேறி, அங்கேயே பள்ளி நடத்தினார். ஊரில் நடப்பதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதன் பகுதிகள் 1902-இல் லண்டன் மானிடவியல் இதழில் அச்சாயின. அவரிடம் படித்த ஹா செவ் கா என்ற சிறுவன் பர்மாவின் மாண்டலேயில் மேல்படிப்பு முடித்து, ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரோடு ஊர் திரும்பி ஆசிரியரானார். புதிய ஏற்பாட்டைத் தன் தாய்மொழிக்குக் கொண்டுவந்தவர் அவர்; பின்னாளில் பிஷப், 1952-இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினர். குழந்தையை ஊரிலிருந்து பிரித்த படிப்பு அழித்தது. ஊருக்குள் வந்து உட்கார்ந்த படிப்பு வேர்பிடித்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான்.

இந்த ஒப்பீடு சரியல்ல என்பார்கள். அந்தமானியர் வேட்டையாடி அலைந்தவர்கள். நிக்கோபாரிகளோ தென்னை வளர்த்து, கப்பல்காரர்களோடு வியாபாரம் செய்து, ஊராக வாழ்ந்தவர்கள். உண்மைதான். ஆனால் அலைந்து வாழ்ந்தவர்களை ஓரிடத்தில் அடைத்தது இன்னும் பெரிய கொடுமை அல்லவா? கொன்றது நோய், படிப்பல்ல என்பதும் அரைகுறை வாதமே. 1877-இல் தட்டம்மை பரவியது. அதற்கு முன்பே மேகநோய் கண்டறியப்பட்டிருந்தது. காட்டில் சிதறி வாழ்ந்தவர்களை வெளியாட்கள் நடுவே குவித்த இல்லம் அந்த நோய்களுக்கு வழி திறந்துவிட்டது. தரங்கம்பாடியிலிருந்து போன மொரேவிய சபையாரும் 1768 முதல் 1787 வரை நிக்கோபாரில் இருந்தும் தோற்றார்களே என்பதுதான் கனமான மறுப்பு. ஊருக்குப் போவது மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. வேலையைத் தொடர உள்ளூர்ப் பிள்ளை ஒருவரையும் அவர்கள் உருவாக்கவில்லை. மூஸ் பள்ளி உருவாக்கியது. ரிச்சர்ட்சனும் வெளியூர் போய்த்தானே படித்தார் என்றால், அவர் எழுத்தறிந்தது சொந்த ஊரில். திரும்பி வந்ததும் அதே ஊருக்கு.

இது பழங்கதை அல்ல. அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவா மக்களின் வாழ்வில் வலிந்து தலையிடக் கூடாது என்று 2004-இல் கொள்கை வகுத்த பிறகும், 2010-இல் அவர்களின் குழந்தைகளை விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அந்தமானின் மக்களவை உறுப்பினரே கோரினார். நல்லெண்ணம் இருந்திருக்கலாம், கார்பினுக்கும் இருந்தது. அந்த இல்லங்களில் வைக்கப்பட்ட இனமான பெரிய அந்தமானியர் 1858-இல் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்; 1961 கணக்கெடுப்பில் 19 பேர். அந்தக் கோரிக்கையை மறுபடி எழுப்ப நினைப்பவர்கள் முதலில் ஹேடோ இல்லத்தின் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.