மத்லப் தாய்சேய் நலக் கண்காணிப்பு

வங்கதேசத்தின் சாந்த்பூர் மாவட்டத்து மத்லப் வட்டாரத்தில் நடந்துவரும் தாய்சேய் நல, குடும்பக் கட்டுப்பாட்டுப் பணிகளையும் அவற்றின் பலனையும் வீடுவீடாகப் பதிந்து கணிக்கும் முறை. நடத்துவது, டாக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட இலாப நோக்கற்ற பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையம். மத்லப், டாக்காவுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கி.மீ. தொலைவில் மேக்னா ஆற்றின் வெள்ளச் சமவெளியில் உள்ளது. முன்பெல்லாம் மழைக்காலத்தில் பெரும்பாலும் படகுப் போக்குவரத்துதான்.

தொடக்கம்: மையத்தின் முன்னோடியான காலரா ஆய்வுக்கூடம், தடுப்பூசிச் சோதனைக்காக 1963இல் இங்கே களநிலையம் அமைத்தது. ஊசி யாரைக் காத்தது என்று அறிய, யார் பிறந்தார், யார் இறந்தார், யார் குடிபெயர்ந்தார் என்ற கணக்கு வேண்டியிருந்தது. 1966 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து அந்தக் கணக்கு எழுதப்படுகிறது. 1971 வங்கதேச விடுதலைப் போரின் சுவடும் அதில் உண்டு. 1974இல் காலரா ஊசியோடு ஒப்பிடுவதற்காகப் பெண்களில் ஒரு பிரிவினருக்கு ரணஜன்னி-தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டார்கள். பின்னாளில் பதிவுகளை ஆராய்ந்தபோது, அந்தப் பெண்களுக்குப் பிறந்த சிசுக்களில் இறப்பு குறைந்திருந்தது தெரியவந்தது. யாரும் தேடிப் போகாத இந்த விடை, பொறுமையாக எழுதிவைத்த கணக்கிலிருந்தே கிடைத்தது.

குடும்பக் கட்டுப்பாட்டுப் பணி: 1975இல் மாத்திரையும் ஆணுறையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. கொடுத்தவர்களில் பலர் எழுதப்படிக்கத் தெரியாத, வயதான கைம்பெண்கள். பயன்பாடு சட்டென்று ஏறி, சில மாதங்களிலேயே சரிந்தது. மாத்திரையால் தலைசுற்றல், உதிரப்போக்கு என்று வந்த பெண்ணுக்குப் பதில் சொல்லவோ வேறு முறை தரவோ வழியில்லாததே காரணம் என்று பின்னர் கருதப்பட்டது.

1977 அக்டோபரில் திட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. பள்ளிப் படிப்புள்ள, மணமான, அதே ஊர்ப் பெண்கள் 80 பேர் பணியமர்த்தப்பட்டனர். மாத்திரை, ஆணுறையோடு கருத்தடை ஊசியும் வீட்டிலேயே கிடைத்தது; காப்பர்-டி, அறுவை சிகிச்சைக்குத் துணை நிலையங்களும் மருத்துவமனையும் இருந்தன. பணியாளர் இரு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போவார். பதிவேடு கையிலேயே இருக்கும். மாதவிலக்கு வந்ததா, கர்ப்பமா, பால் கொடுக்கிறாளா, எந்த முறையைக் கையாளுகிறாள், அதனால் உபாதை உண்டா என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகக் குறிப்பார். முறையைக் கைவிட்டவள் அடுத்த வருகையிலேயே கண்ணில் படுவாள். காரணத்தையும் அவளிடமே கேட்டறியலாம். எண்ணிக்கையும் பராமரிப்பும் ஒரே ஏட்டில் சேர்ந்திருந்தது இம்முறையின் தனிச்சிறப்பு. 18 மாதங்களில் கருத்தடை பயன்படுத்துவோர் சுமார் 7 விழுக்காட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்காக உயர்ந்தனர். அரசுச் சேவை மட்டுமே இருந்த ஒப்பீட்டு ஊர்களிலும் பிறப்பு, இறப்பு அதே கவனத்தோடு பதியப்பட்டதால் வேறுபாட்டை அளக்க முடிந்தது.

இத்திட்டத்தைப் பற்றி ஐயங்களும் எழுந்தன. மத்லப்பில் பலரும் விரும்பிய கருத்தடை ஊசிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1992இல்தான் ஒப்புதல் அளித்தது. இத்தனை பணியாளரும் செலவும் வேறெங்கும் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியைப் பொருளியலாளர் லாண்ட் பிரிட்செட் 1994இல் எழுப்பினார். அதற்கு முன்பே, இம்முறையை அரசு அமைப்புக்குள்ளேயே செய்துபார்க்கும் விரிவாக்கத் திட்டம் 1982 முதல் அபய்நகர், சிராஜ்கஞ்ச் பகுதிகளில் நடந்தது.

பேறுகால இறப்பு: 1987இல் திட்டப் பகுதியின் ஒரு பாதியில் செவிலிய-மருத்துவச்சிகள் அமர்த்தப்பட்டனர். வீட்டுப் பிரசவத்துக்குப் போவதும், சிக்கல் கண்டால் தாயைப் படகில் ஏற்றி மத்லப் மருத்துவமனைக்கு உடன் செல்வதும் அவர்கள் வேலை. மூன்றாண்டுகளில், நேரடி மகப்பேற்றுக் காரணங்களால் நேரும் தாய் இறப்பு 1,000 உயிர்ப்பிறப்புக்கு 4.4இலிருந்து 1.4ஆகக் குறைந்தது, மருத்துவச்சிகள் இல்லாத ஒப்பீட்டுப் பகுதியில் 3.9, 3.8 என்று ஏறக்குறைய அப்படியே நின்றது. வின்சென்ட் ஃபோவோ குழுவினர் 1991இல் இதை வெளியிட்டனர். இந்த இறக்கத்துக்குக் காரணம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மருத்துவச்சிகள் மட்டுமல்ல, படகும் மருத்துவரும் சாந்த்பூர் அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வசதியும் சேர்ந்தே உயிர் காத்தன என்பது டெபோரா மெய்ன் குழுவினரின் வாதம் (1996). 1976 முதலான நீண்ட பதிவை ஆராய்ந்த கரீன் ரோன்ஸ்மான்ஸ் குழுவினர், திட்டம் எட்டாத ஊர்களின் ஒரு பகுதியிலும் இறப்பு குறைந்திருந்ததைக் காட்டி, அவசர முடிவு வேண்டாம் என்று எச்சரித்தனர் (1997). திட்டத்தைப் பாராட்டியோரும் ஐயுற்றோரும் சான்று காட்டியது ஒரே பதிவேட்டிலிருந்துதான். அடக்கமாக எழுதப்பட்ட ஒரு கணக்குக்கு இதைவிடப் பெரிய மதிப்பு இருக்க முடியாது.

அண்மைக்காலம்: வீட்டுப் பிரசவத்தை விடுத்து நிலையத்தில் பிரசவம் என்று பணி மாறியது. வீட்டு வருகைகளின் இடைவெளி கூடியது. காகித ஏட்டின் இடத்தைக் கையடக்கக் கணினி பிடித்தது. ஆற்றரிப்பில் ஏழு ஊர்கள் முன்பே போயிருந்ததால் 142 ஊர்களில் கணக்கெடுப்பு தொடர்ந்தது.