பங்குப் பதிவேடுகள், இங்கிலாந்து

இங்கிலாந்துப் பங்குக் கோயில்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்துவைத்த ஏடுகள். அரசின் பிறப்பு, இறப்புப் பதிவுமுறை 1837 ஜூலை 1-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய மூதாதையரைத் தேடுவோருக்கு இவையே முதன்மை ஆதாரம்.

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538 செப்டம்பரில் பிறப்பித்த ஆணையால் இம்முறை தோன்றியது. ஞாயிறுதோறும் கோயில் காப்பாளர் முன்னிலையில் குரு அந்த வாரத்து நிகழ்வுகளை எழுத வேண்டும். ஏட்டுக்கு இரு பூட்டுள்ள பெட்டி. ஒரு சாவி குருவிடம், மற்றது காப்பாளர்களிடம். தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். புது வரிக்கான முன்னேற்பாடு என்று மக்கள் அஞ்சினர்; அது வீண் அச்சம். வயது, வாரிசுரிமை பற்றிய வழக்குகளைத் தீர்ப்பதே குரோம்வெல்லின் நோக்கம். (வரி பின்னாளில் வரவே செய்தது: 1695-இல் ஒருமுறை, 1783-இல் பதிவுக்கு 3 பென்ஸ் வீதம் மறுமுறை.)

தொடக்க ஏடுகள் மட்கும் தாளில் இருந்தன. அவற்றைத் தோல் ஏட்டில் பெயர்த்தெழுதும்படி 1598-இல் ஆணை வந்தது. முதலிலிருந்து எழுதுக, குறிப்பாக எலிசபெத் அரசியின் முதலாண்டிலிருந்து எழுதுக என்றது அது. பல குருமார் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டனர். எண்ணற்ற ஏடுகள் 1558-இல் தொடங்குவதன் காரணம் இந்தச் சோம்பலே. ஷேக்ஸ்பியர் 1564 ஏப்ரல் 26-இல் ஞானஸ்நானம் பெற்றதைச் சொல்லும் ஸ்ட்ராட்ஃபோர்டு ஏடும் இவ்வாறு 1600-ஐ ஒட்டி எடுத்த பிரதிதான். ஆண்டுதோறும் ஆயருக்கு ஒரு நகல் அனுப்பும் வழக்கமும் அதே ஆணையில் பிறந்தது. மூல ஏடு எரிந்தோ செல்லரித்தோ போன ஊர்களுக்கு அந்த நகல்களே கதி.

உள்நாட்டுப் போரின் குழப்பத்தில் பதிவுகள் அறுந்தன; 1653 முதல் சில ஆண்டுகள் திருமணத்தை நீதிபதிகள் நடத்தினர். 1754-இல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் சட்டம் திருமணத்துக்கு ஓலை வாசிப்பையோ உரிமத்தையோ கட்டாயமாக்கியது. மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்தோ கீறலோ இட்டனர். 1813 முதல் அச்சுப் படிவம். ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் இடம்பெற்றது. பிடிவாதமாக ஒதுங்கி நின்ற குவேக்கர் முதலிய சபையாரின் குழந்தைகளை இவற்றில் தேடுவது வீண்.

1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. எனவே 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது இன்றைய கணக்கில் 1721. 1733 வரை லத்தீனும் கலந்திருக்கும்: ஜேம்ஸ் அங்கே ஜாக்கோபுஸ்.

கிழக்கிந்தியக் கும்பினியாருடன் இவ்வழக்கம் சென்னைக்கும் வந்தது. ஜார்ஜ் கோட்டை புனித மேரி ஆலயத்தின் முதல் திருமணப் பதிவு, 1680 நவம்பரில் கும்பினி ஊழியர் எலிஹு யேல் மணமுடித்தது.

பழைய ஏடுகளில் பெரும்பாலானவை இன்று மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பல இணையத்திலும் கிடைக்கின்றன. 2021 மே முதல் திருமணப் பதிவில் தாயின் பெயரும் சேர்க்கப்படுகிறது.