ஸ்கூடாய்க்கு வந்த தொழில்நுட்பக் கல்வி: ஒரு வரலாற்று ஆய்வு

சர்வகலாசாலைக் கல்வி தொழிற்சாலைக்கும் தேச அபிவிருத்திக்கும் பயன்பட வேண்டும் என்பது நம் காலத்தில் புதிதாக எழுந்த கோரிக்கை என்று பலரும் எண்ணினாலும், இன்று ஜோகூரின் ஸ்கூடாயில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பூர்வ சரித்திரத்தை ஆராய்வோர்க்கு, அது பிறந்ததே ஒரு தொழில் தேவையிலிருந்துதான் என்பது விளங்கும். 1904இல் கோலாலம்பூரில் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கென ஆரம்பமான வகுப்பு, 1906இல் டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளியாயிற்று. மராமத்து முதலிய சர்க்கார் இலாகாக்களுக்குக் கீழ்நிலை உத்தியோகஸ்தர்களைத் தயாரிப்பதே அதன் நோக்கமாதலால், பாடத்துக்கும் பணிக்கும் இடைவெளி நேர வழியில்லை; ஆனால் இலாகா கேட்டதற்கு மேல் சிந்திக்கவும் அங்கே அவசியமிருக்கவில்லை.

1947இல் மலாயாவின் உயர்கல்வியை ஆராய்ந்த கார்-சாண்டர்ஸ் குழு, வைத்தியக் கல்லூரியையும் ராபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து ஒரு சர்வகலாசாலை அமைக்கவும், அதன் நிரந்தர வாசஸ்தலமாக ஜோகூர் பாருவைத் தேர்ந்தெடுக்கவும் சிபாரிசு செய்தது. 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் உதயமாயிற்று; ஜோகூர் பாருத் திட்டமோ செலவு மிகுதியால் பின்னர் கைவிடப்பட்டது. புதிய சர்வகலாசாலையில் கலையும் விஞ்ஞானமும் வைத்தியமும் இடம்பெற்றன. பொறியியல் ஆரம்பத்தில் இல்லை. 1946இல் கல்லூரியாக உயர்ந்த தொழில்நுட்பப் பள்ளி தனித்தே நின்று, 1960இல்தான் முழுத் தகுதியுள்ள பொறியியலாளர் படிப்பைத் தொடங்கிற்று. அறிவுக்கு ஒரு வீடு, கைத்தொழிலுக்கு வேறொரு வீடு என்ற இந்தப் பிரிவினையே பின்னர் நாம் அனுபவித்த பல குறைகளுக்கு மூலம் என்பது என் கருத்து.

1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகவும் 1975இல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்த அந்த ஸ்தாபனம் 1980களில் ஸ்கூடாய்க்கு வந்தபோது, பாசிர் கூடாங் துறைமுகம் திறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்காலத்து ஜோகூர்த் தொழிற்சாலை அதனிடம் எதைக் கேட்டது? மின்னணுச் சாமான்களின் வடிவமைப்பு கடல் கடந்து நடக்க, பாகங்களைப் பொருத்தும் வேலை மட்டும் இங்கே வந்தபடியால், தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் விரல்கள் அதற்குத் தேவைப்பட்ட அளவு பொறியியலாளரின் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. கேளாத ஒன்றைக் கொடுக்கவில்லை என்று சர்வகலாசாலையை மாத்திரம் குற்றம் சொல்வது நியாயமாகாது.

இதற்கு மாறான உதாரணம் நம்மிடமே உண்டு. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ரப்பர் ஏற்றுமதியின்மீது விதித்த தீர்வையால் நடந்தது. தொழிலின் பணத்தில், தொழிலின் பிரச்னையை எடுத்துக்கொண்ட அக்கழகத்தின் உழைப்பால் அதிகப் பால் தரும் ஒட்டுரகங்கள் தோட்டங்களில் பரவின. 1965இல் மலேசிய ரப்பருக்கென விஞ்ஞான முறையில் தரநிர்ணயமும் ஏற்பட்டது. நம் பாட்டன்மார் பால் வெட்டிய மரங்களின் பின்னால் அத்தகைய ஆராய்ச்சி நின்றது.

பிற்காலத்தில் முயற்சிகள் இல்லாமலில்லை. பாலிடெக்னிக் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1993இல் தோன்றிய நிலையம் 2007இல் பத்து பகாட்டின் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகமாயிற்று. இரண்டாண்டு வளாகத்திலும் இரண்டாண்டு தொழிற்சாலையிலும் பயிலும் ஏற்பாடும் வந்தது. மாணவன் ஆலைக்குப் போகிறான்; ஆலையின் பிரச்னை ஆய்வுக்கூடத்துக்கு வருவதே அரிது. 1992ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தால் ஏற்பட்டு இன்றும் முதலாளிமார் செலுத்தும் தீர்வையும் பணியாளர் பயிற்சிக்கே செல்கிறது. அன்றைய ரப்பர்த் தீர்வையைப் போல ஆராய்ச்சிக்கென்றே ஒன்றை ஜோகூரின் ஆலைகள்மீது விதித்து, அதைச் செலவிடும் சபையில் ஆலைப் பொறியியலாளரையும் பேராசிரியரையும் சமமாக அமர்த்த வேண்டும் என்பதையே இச்சரித்திரம் எனக்கு உணர்த்துகிறது.