மலடி என்ற சொல்லும் கோஷா ஆஸ்பத்திரியும்

தமிழில் மலடி என்ற சொல்லுக்கு ஆண்பால் இருக்கிறது. மலடன். அகராதியில் இருக்கிறதே தவிரத் தெருவில் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்த காலத்திலும் சரி, இயக்க வேலையாகச் சேரி சேரியாகத் திரிந்த காலத்திலும் சரி, எந்தக் குழாயடிச் சண்டையிலும் ஓர் ஆம்பிளையைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லை வீசி நான் கேட்டதில்லை. ஈனாத மாடு மலடு. தென்பெண்ணையில் பிரிந்து பெரும்பாலும் மணலாகவே கிடக்கிற ஆறு மலட்டாறு. அதற்கடுத்து பொம்பளை. கல்யாணம் முடிந்து மூணாம் மாசம் தொடங்கி விடுவார்கள்: "என்னடி, வயித்துல புழு பூச்சி ஏதாச்சும் உண்டா?" புழுவோ பூச்சியோ ஏதோ ஒன்று தங்கியாக வேண்டும். ஆம்பிளையிடம் அப்படி ஒரு கேள்வி கிடையாது.

குறளில் மக்களைப் பற்றிய அதிகாரத்துக்குப் பரிமேலழகர் கொண்ட தலைப்பு 'புதல்வரைப் பெறுதல்'. சொத்துள்ளவனின் கவலை அது. நிலம் யாருக்குப் போகும், திதி யார் கொடுப்பது என்பது அவன் பிரச்சினை. சேரியில் நிலம் ஏது, பங்கு போட? ஆனால் எங்கள் பொம்பளைகளும் பிள்ளைக்காகத்தான் அழுதார்கள். அந்த அழுகைக்குக் காரணம் வேறு. கை கால் ஓய்ந்தால் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும். காசு பணம், நகை நட்டு, மரியாதை எதுவும் இல்லாத இடத்தில் பிள்ளை ஒன்றுதான் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக் கூடியது. அதுவும் முழுசாகத் தன்னுடையதா? தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாளின் பிள்ளை நடக்கப் பழகியதும் மாடு மேய்க்கப் போனது. அப்பன் வாங்கிய கடன் பிள்ளை தலையில் விழுந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. அதுவரை சேரியின் வயிறு நிறைவதில் பண்ணையாருக்கும் ஓர் அக்கறை இருந்தது. இன்னொரு ஜோடிக் கை கிடைக்கிறதே!

பண்ணையார் எண்ணினார், பிறகு சர்க்கார் எண்ணியது. நிறைந்த வயிற்றை எண்ண ஆள் இருந்தார்கள். நிறையாத வயிற்றோடு எங்கள் பெண் எங்கே போனாள், யாரிடம் கேட்டாள், யாரை நம்பினாள் என்பதற்கு ஏடு கிடையாது. எங்கள் வாய்ச்சொல்லையும் ஆஸ்பத்திரிகளின் பெயர்ப் பலகைகளையும் வைத்துத்தான் அதை எழுத வேண்டியிருக்கிறது.

"அரச மரத்தைச் சுத்தி அடிவயித்தைத் தொட்டுப் பாத்தாளாம்" என்று அவசரக்காரியைக் கேலி பண்ணுகிற பழமொழி ஒன்று உண்டு. அந்த அரச மரம் எங்கே இருந்தது? ஊர்க் குளத்தங்கரையில், பிள்ளையாருக்கும் நாகக் கல்லுக்கும் நிழலாக. அந்தக் குளத்தில் எங்கள் கால் படக்கூடாது. தொட்டுப் பார்க்க அடிவயிறு இருந்தது, சுற்றுவதற்கு மரம் இல்லை. ராமேஸ்வரம் போய் முழுகினால் பிள்ளை வரம் என்றார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ளேயே 1939 ஜூலையில்தான் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைய முடிந்தது. சஷ்டி விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது கருப்பையில், வரும் என்று சட்டிப் பழமொழிக்குப் புது உரை சொல்லும் பண்டிதர்கள் இருக்கிறார்கள். வருஷத்தில் பாதி நாள் சட்டி காலியாகக் கிடந்த வீட்டில் அந்த உரையை யார் கேட்டார்கள்? எங்கள் பெண்கள் மாரியிடமும் எல்லையம்மனிடமும் போனார்கள். மடியேந்தி மண்சோறு தின்றார்கள். இன்றும் தின்கிறார்கள்.

கையில் அறிவு இருந்தது மருத்துவச்சியிடம். அம்பட்டர் சாதியாரில் மருத்துவர் என்றே பேர் கொண்டவர்கள் வீட்டுப் பெண்களும், பல ஊர்களில் எங்கள் பறைச்சேரி, சக்கிலியச் சேரிக் கிழவிகளும் அந்த வேலை செய்தார்கள். ஊர்த்தெரு வீட்டில் வலி கண்டால் ராத்திரியில் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். புறவாசல் வழியாக உள்ளே விடுவார்கள். தொப்புள்கொடி அறுக்க எங்கள் கை வேண்டும். தீட்டுத்துணி எடுக்க எங்கள் கை வேண்டும். மூணாம் நாள் அந்தக் கை பிள்ளையைத் தொட்டால் தீட்டு. பிள்ளை தங்காதவளும் அந்தக் கிழவியிடம்தான் போனாள். கிழவி முதலில் கேட்பது தூரம் ஒழுங்காக வருகிறதா என்று. அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். மலைவேம்புச் சாறு கொடுப்பாள். அந்தச் சாறு கேட்டதா? அடைத்துப்போன கருக்குழாயை எந்தச் சாறும் திறக்காது என்பது இன்று தெரியும். கிழவி அறிவெல்லாம் விஞ்ஞானம் என்று கொண்டாட நான் வரவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்ட ஒரே ஆள் அவள். அவளுக்குப் பட்டம் இல்லை என்று ஒதுக்கிவிட்டு வந்த ஆஸ்பத்திரிகள் எங்களைத் தொட்டனவா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் கோஷா ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். சென்னையில் பெண்களுக்கான பிரசவ ஆஸ்பத்திரி 1844லேயே தொடங்கியது, இன்றைய எழும்பூர் ஆஸ்பத்திரியின் மூலம் அதுதான். அங்கே எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே கூரைக்குக் கீழே படுக்க வேண்டியிருந்தது. சாதி இந்துப் பெண்களும் கோஷாப் பெண்களும் அங்கே வரமாட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்கார டாக்டரம்மா 1885இல் அவர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி தொடங்கினார். வெங்கடகிரி ராஜா பெருந்தொகை கொடுத்தார். மகாராணி தன் பேரைத் தந்தார். ஆஸ்பத்திரியின் பேர்: சாதிப் பெண்கள், கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை. பேரிலேயே சாதி. ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று நிற்பது அதுதான். கிழவிகள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்கிறார்கள். பேச்சில் கோஷா மட்டும் தங்கி, சாதி உதிர்ந்துவிட்டது. அதனால் நடந்ததும் மறந்துபோனது. இன்று அந்த வார்டில் எங்கள் பெண்களும் பிள்ளை பெறுகிறார்கள், நல்லது. ஆனால் பெண்மருத்துவம் இந்த நாட்டுக்கு வந்த கதையை 'பெண்களுக்குக் கருணை காட்டிய வரலாறு' என்று எழுதுகிறவர்கள், எந்தப் பெண்களுக்கு என்று அந்தப் பலகையைப் படித்துவிட்டு எழுதட்டும்.

மிஷன் ஆஸ்பத்திரிகளை வேறு கணக்கில்தான் வைக்க வேண்டும். வேலூரில் ஐடா ஸ்கடர் 1902இல் நாற்பது படுக்கையோடு கட்டிய ஆஸ்பத்திரிக்கு எங்கள் பாட்டிமார் நடந்தே போனார்கள். மதம் மாற்றவே வைத்தியம் என்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். தொட்டுப் பார்த்தார்கள் என்பதைப் பாட்டி மறக்கவில்லை.

விடுதலைக்குப் பிறகு சர்க்கார் சேரிக்குள் வந்தது. எதற்கு வந்தது? 1952இல் உலகத்திலேயே முதலாவதாகக் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு இது. 1965இல் லூப் வந்தது. சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம். நெருக்கடி நிலையின்போது 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுக்க 82 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன், அதில் பெரும்பங்கு ஆண்களுக்கு. ஆட்சி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆம்பிளைப் பக்கம் துணிந்து போகவில்லை, பாரம் முழுதும் பொம்பளை வயிற்றுக்கு வந்தது. நர்ஸம்மாவுக்கு இத்தனை 'கேஸ்' பிடிக்க வேண்டும் என்று இலக்கு. அந்த இலக்கு முறையை 1996இல்தான் எடுத்தார்கள். எடுத்த பிறகும் முகாம்கள் ஓயவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அந்த முகாம்களுக்குப் போனவர்களில் 13 பேர் செத்தார்கள். தலித்துகள், பழங்குடிகள், பிற்பட்டவர்கள். முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

கர்ப்பத்தடைக்கு நாம் எதிரியல்ல. பெரியார் அதைப் பெண் விடுதலைக்கு வழியாகப் பேசினார். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கர்ப்பத்தடைத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்தவர் அம்பேத்கர், கொண்டுவந்தவர் அவர் கட்சியைச் சேர்ந்த ரோஹம். அவர்கள் பேசியது பெண்ணின் உடம்புக்காக. சர்க்கார் பேசியது எண்ணிக்கைக்காக. வித்தியாசம் இங்கே தெரியும்: நாலு பிள்ளை பெற்றவளைத் தேடி வீடு வீடாக வந்த அதே நர்ஸம்மா, பக்கத்துக் குடிசையில் பத்து வருஷமாகப் பிள்ளையில்லாமல் இருந்தவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் மேல் தப்பில்லை. அவள் நோட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. 1994 கெய்ரோ மாநாட்டில் பிள்ளையின்மையைத் தடுப்பதும் குணப்படுத்துவதும் இனப்பெருக்க நலத்தில் சேர்ந்தவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். காகிதத்தில் கட்டம் வந்தது.

அரசு நினைத்தால் முடியும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் ஏராளம் பேர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். கட்டிய குழாயை இலவசமாகத் திரும்ப இணைத்துத் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அறிவிப்பு வரச் சில வாரம்தான் ஆனது. கடலில் பிள்ளையை இழந்தவளுக்குக் கிடைத்தது சரி. வாந்திபேதியில், பாம்புக்கடியில், கிணற்றில் பிள்ளையை இழந்த சேரிப் பெண்கள் எத்தனை பேர் ஆபரேஷன் முடிந்த வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள்! அவர்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை.

பிள்ளையின்மை பணக்காரர் வியாதி என்ற பேச்சு முற்போக்காளர்களிடமும் உண்டு. "அவங்களுக்குத்தான் வத வதன்னு பெத்துக்குதே" என்பார்கள். பொய். உலகத்தில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இந்தத் துன்பம் வாழ்நாளில் வருகிறது என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று பெரிய வித்தியாசமில்லை. ஏழைக்கு வருகிற காரணங்களில் பாதியைத் தடுத்திருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். சுத்தமில்லாத பிரசவம், ரகசியமாகச் செய்த கருக்கலைப்பு, புருஷன் கொண்டுவந்த பால்வினை நோய் எல்லாம் கருக்குழாயை அடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே காசநோய். நுரையீரலில் தொடங்கி ரத்தம் வழியாகக் கருக்குழாயில் போய் உட்காரும். இருமல் இருக்காது. தூரம் தள்ளிப்போகும் அல்லது குறையும், அடிவயிறு வலிக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. ஒரே குடிசையில் எட்டுப் பேர் மூச்சு விடுகிற இடத்தில் வருகிற நோய். ஆறு மாத மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நோய் போகும். தழும்பாகிவிட்ட குழாய் திரும்பத் திறக்காது. ஆகவே எத்தனை சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விழுப்புரம் பக்கத்து அக்கா ஒருத்தி. பேர் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு போர்டைப் பார்த்து ஒரு தனியார் மையத்துக்குப் போனாள். தோடு போனது, மகளிர் குழுக் கடன் போனது. மூணு வருஷம் ஸ்கேன், ஊசி, மறுபடி ஸ்கேன். "உங்க வீட்டுக்காரரைப் பாத்தாங்களா?" என்றேன். "அவரை எதுக்குப் பாக்கணும்? அவருக்கு என்ன, நல்லாத்தான் இருக்காரு" என்றாள். ஆண்களைச் சோதிப்பது இருக்கிற சோதனைகளிலேயே எளிது, செலவும் குறைவு. ஏறத்தாழ பாதித் தம்பதிகளில் ஆணிடமும் குறை இருக்கிறது. ஒழுங்கான மருத்துவர் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டுத்தான் தொடங்குவார். கடைசியில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர்தான் காசநோய்ச் சோதனை எழுதினார். இருந்தது.

சேரிக்குச் சொந்தமான ஒரு சோதனை முறை பழைய காலத்தில் இருந்தது, இதை யாரும் எழுதவில்லை. எங்களை 'அறுத்துக் கட்டுகிற சாதி' என்று ஏளனம் செய்வார்கள். பிள்ளையில்லை என்று அத்துவிட்டுப் போனவள் வேறொருவனைக் கட்டிக்கொள்வாள். மறு வருஷம் இடுப்பில் பிள்ளையோடு அதே சந்தைக்கு வருவாள். குறை யாரிடம் என்று ஊருக்கே தெரிந்துபோகும். அந்த உரிமையை இழிவு என்று நினைத்து, கட்டினவனோடு கிடந்து சாவதுதான் மானம் என்று ஆதிக்கச் சாதியைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த மானத்தில் அழுகிறவள் பொம்பளை.

கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் 1978 அக்டோபரில் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்தார். உலகத்தின் முதல் குழந்தை பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மேற்கு வங்க அரசு நம்பவில்லை, அவமானப்படுத்தியது. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986இல் பம்பாய், 1990இல் சென்னையின் தனியார் ஆஸ்பத்திரி. தமிழக அரசு எழும்பூரில் இதற்கென்று மையம் திறந்தது 2024இல். நடுவே 34 வருஷம். அந்த 34 வருஷமும் காசுள்ளவனுக்குக் குழந்தையாகவும் காசில்லாதவளுக்குக் கடனாகவும் கழிந்தது. காசில்லாதவளுக்கு இன்னொரு வாசலும் திறந்தது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையைப் பலமுறை எடுத்து விற்ற வழக்கு வெளியே வந்தது. தானமாக வாங்குகிறவர்கள் கொடுப்பவரின் சாதியைக் கேட்கிறார்கள் என்று மருத்துவர்களே பத்திரிகைகளில் சொல்லியிருக்கிறார்கள். 2021இல் வந்த சட்டப்படி இந்த மையங்கள் எல்லாம் பதிவு செய்திருக்க வேண்டும். முட்டை கொடுப்பவள் 23 வயதுக்குக் குறையக் கூடாது, வாழ்நாளில் ஒரு தடவைதான் கொடுக்கலாம். பதிவு எண்ணைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள் என்று எங்கள் கூட்டங்களில் சொல்லி வருகிறோம். கேட்டதும் முகம் சுளிக்கிற இடமென்றால் திரும்பி வந்துவிடச் சொல்கிறோம்.

விழுப்புரத்து அக்கா ஆறு மாத மாத்திரையை முடித்துவிட்டாள். ஒரு குழாய் அடைப்பு, இன்னொன்று சந்தேகம் என்று எழுதியிருக்கிறார்கள். எழும்பூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை போய்வந்தால் இரண்டு நாள் கூலி போகிறது, பஸ் காசு தனி. "பொம்பளையை மட்டும் பாக்க மாட்டாங்களாம். அவரையும் கூட்டியாரணுமாம்" என்றாள். அவர் அறுப்பு முடியட்டும் என்கிறாராம்.